சகலை விழுங்கிய காப்ஸ்யூல்

இதில் நான் சொல்லப்போகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று என் வலது நுரையீரலின் மேல் சத்தியம் செய்கிறேன். இடது நுரையீரலின் மேலும் செய்யலாம். ஆனால் அதன் அடிப்பாகத்தில் தழும்பு கொஞ்சம் கூடுதலாக ஏறியிருக்கிறது என்று ஸ்கேன் எடுத்தவர்கள் சொல்கிறார்கள். பழுதான பொருளை வைத்துச் சத்தியம் செய்து எனக்குப் பழக்கமில்லை. நம்புகிறவர்கள் மேலே படிக்கலாம். நம்பாதவர்களும் படிக்கலாம், அவர்களுக்கென்று தனியாக ஒன்று எழுத என்னிடம் மூச்சு இல்லை.

நான் லிஃப்ட் ஓட்டியவன். பதினெட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும் வரை மேலும் கீழுமாகப் பயணம் செய்தேன். கூட்டிப் பார்த்தால் நிலாவுக்குப் போய்த் திரும்பிய தூரம் வரும். அங்கே ஏறுவதற்கு ஆள் யாரும் நிற்காததால் கதவைத் திறக்காமல் வந்துவிட்டேன். இத்தனை உயரம் ஏறியவன் படிக்கட்டை மிதித்தது மட்டும் ரொம்பக் குறைவு.

என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், எனக்கு நேர் எதிர். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். வெட்டவெளியில் நின்று விசில் ஊதியே காலம் தள்ளியவர். அவர் ஊதினால் மைதானத்தில் பிள்ளைகள் ஓடுவார்கள், சாலையில் பஸ் நிற்கும். ஒருமுறை பக்கத்துத் தெருவில் சைக்கிள் திருடிக்கொண்டு போன ஒருவன், விசில் சத்தம் கேட்டதும் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, மைதானத்துக்கு வந்து வரிசையில் நின்றான். உயரப்படி நின்றான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குடும்பத்துப் பிள்ளைகள் என்னை லிஃப்ட் பெரியப்பா என்பார்கள், அவரை விசில் சித்தப்பா. என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார்கள். அவரைப் பார்த்தால் ஓடிப்போய்த் தோளில் தொங்குவார்கள். பொறாமைக்கு இதுவே போதும். ஆனால் அவர் அதோடு விட்டாரா? நான் கண்ணாடி போட்ட வருஷம் அவர் இரண்டு பார்வைக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி போட்டார். நான் இரண்டு பல் கட்டினேன். அவர் முழு செட்டும் கட்டினார். எனக்குத் தலை நடுவில் தட்டு வைத்தாற்போல வழுக்கை விழுந்தது. அவருக்கோ காதோரம் மட்டும், யாரோ அளந்து பூசியது மாதிரி, நரை விழுந்தது. “உங்க சகலைக்கு நரைகூட எவ்வளவு எடுப்பா இருக்கு பாருங்க” என்று என் மனைவி சொன்னபோது, என் தட்டில் சூரியன் பளபளத்தது.

ஆகவே எனக்கு இந்த நோய் வந்தபோது, முதலில் பயந்தாலும், உள்ளுக்குள் ஒரு மூலையில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நுரையீரலில் தழும்பு விழுகிற நோய். நுரையீரல் டாக்டரம்மா, நெட்டையான, நிறுத்தி நிதானமாகப் பேசுகிற பெண்மணி, எனக்குப் புரியும்படி சொன்னார்: பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் வெயிலில் காய்ந்து விறைத்துப்போனால் எப்படி இருக்குமோ, அப்படி நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக விறைத்துக்கொண்டு வரும். விறைத்த இடம் விறைத்ததுதான், திரும்பாது. மீதியைக் காப்பாற்றத்தான் மருந்து.

“எதனால டாக்டர் வந்துச்சு?” என்றேன்.

“உங்களுக்கு வந்திருக்கிற வகைக்குக் காரணம் இதுதான்னு யாராலயும் சொல்ல முடியலைங்க. உலகம் பூரா தேடிட்டிருக்காங்க.”

உலகமே தேடுகிற ஒரு பொருள் என்னிடம் இருக்கிறது, என் சகலையிடம் இல்லை. வீட்டுக்கு நிமிர்ந்த நெஞ்சோடு வந்தேன். நெஞ்சு நிமிர்ந்ததில் இருமல் வந்தது.

அடுத்த மழைக்காலத்துக்குள் என் சகலைக்கும் அதே நோய் வந்தது. அதே இருமல், அதே ஸ்கேன், அதே டாக்டரம்மா. காரணம் தெரியவில்லை என்றுதான் அவரிடமும் சொன்னார்கள். எனக்குத் தெரியும். என்னிடம் இருந்தது, அதனால் அவருக்கும் வேண்டியிருந்தது.

சரி, நோயில் சமமாகிவிட்டோம், மருந்திலாவது ஒரே மாதிரி இருப்போம் என்று பார்த்தால், அங்கேயும் பாரபட்சம். எனக்கு மாத்திரை, காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை, சாப்பாட்டோடு. அவருக்குக் காப்ஸ்யூல், காலையும் இரவும் மட்டும். என் மாத்திரை சுவரில் அடிக்கிற வெள்ளைச் சுண்ணாம்பைத் துண்டு போட்டது மாதிரி இருக்கும். அவருடைய காப்ஸ்யூல் பழுத்த பழத்தின் நிறத்தில், மெத்தென்று, விளக்கு வெளிச்சத்தில் மினுங்கும். விழுங்குவதற்கு முன் அவர் அதை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். நான் பார்க்கிறேனா என்றும் பார்ப்பார்.

டாக்டரம்மாவிடம் நியாயம் கேட்டேன்.

“உங்க மாத்திரைக்கும் வெயிலுக்கும் ஆகாதுங்க. தோல் வெந்துபோகும். அவர் நாள் பூரா மைதானத்துல நிக்கிறவர், இதைக் கொடுத்தா தாங்க மாட்டார். நீங்க லிஃப்ட்டுக்குள்ள இருந்தவர். லிஃப்ட்டுக்குள்ள ஏது வெயில்?”

என் வேலையைச் சொல்லி என் மாத்திரையைத் தீர்மானித்துவிட்டார்கள்.

வெயிலுக்கும் மாத்திரைக்கும் ஆகாது என்பதை நான் முதலில் நம்பவில்லை. பிறகுதான் தெரிந்தது. முழுக்கைச் சட்டை, தொப்பி, குடை, முகத்துக்குக் களிம்பு, இத்தனையும் இல்லாமல் வாசலுக்குப் போக முடியாது. ஜெராக்ஸ் கடையைத் தாண்டிப் போனேன், இயந்திரத்தின் வெளிச்சம் பட்டு இடது கன்னம் சிவந்துவிட்டது. உற்றுப் பார்த்தவர்கள் அதில் யாருடைய பிறப்புச் சான்றிதழோ இருந்தது என்றார்கள். குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பல்பு எரியுமே, அதற்கும் குடை பிடித்துக்கொண்டுதான் தண்ணீர் எடுத்தேன். நாக்கோ செத்துப்போயிற்று. என்ன சாப்பிட்டாலும் அட்டைப்பெட்டியின் ருசி. ஒருநாள் என் மனைவி தட்டில் நிஜமாகவே அட்டைப்பெட்டியை வைத்திருப்பாளோ என்று சந்தேகம் வந்து, தூக்கிப் பார்த்தேன். இல்லை. அட்டைப்பெட்டியாக இருந்தால் உப்பு சரியாக இருந்திருக்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது பந்து.

எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சுப் பயிற்சிக்கு ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். பிளாஸ்டிக் கூட்டுக்குள் பக்கத்துப் பக்கத்தில் மூன்று பந்து. குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே எழும்பும். முதல் பந்து எனக்கு அடங்கிய பிள்ளை. இரண்டாவது கூப்பிட்டால் யோசித்துவிட்டு வரும். மூன்றாவது பந்து மட்டும் அரசாங்க அதிகாரி மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது.

அக்காவும் தங்கையும் தினமும் காலையில் போனில் பேசிக்கொள்வார்கள். பேச்சு முடிந்ததும் என் மனைவி செய்தி வாசிப்பாள்.

“என்னங்க, கேட்டீங்களா? உங்க சகலை மூணாவது பந்தைத் தூக்கிட்டாராம்.”

“எது வரைக்கும்?”

“உச்சி வரைக்கும். அங்கேயே நிறுத்தி வச்சிருந்தாராம்.”

“எவ்வளவு நேரம்?”

“தங்கச்சி டீ போட்டு எடுத்துட்டு வர்ற வரைக்கும்.”

“அவ்வளவு நேரம் உள்ளே இழுத்தா வீட்டுத் திரைச்சீலை எல்லாம் வாய்க்குள்ள போயிருக்குமே.”

“பொறாமைப்படாதீங்க. பந்தை எடுங்க.”

எடுத்தேன். இழுத்தேன். கண் முழி பிதுங்கியது, பந்து அசையவில்லை. என் மனைவி பெருமூச்சு விட்டாளே, அந்த ஒரு மூச்சு என்னிடம் இருந்திருந்தால் மூன்று பந்தையும் கூரையில் ஒட்டவைத்திருப்பேன். இத்தனை வருஷம் என்னோடு வாழ்ந்தவள், என்னைவிட அவர் நுரையீரலை உயர்வாக நினைக்கிறாள். அன்றைக்கே முடிவு செய்தேன்: எல்லாம் காப்ஸ்யூல் செய்கிற வேலை. அந்தக் காப்ஸ்யூல் எனக்கு வந்தே ஆகவேண்டும்.

டாக்டரம்மாவிடம் போனேன். மூச்சு ஊதுகிற பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, ரொம்ப சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்.

“நல்லா இருக்குங்க. போன தடவை எங்க இருந்தீங்களோ அங்கேயே நிக்கிறீங்க.”

“எனக்கு மருந்தை மாத்திக் கொடுங்க டாக்டர்.”

“ஏங்க?”

“அங்கேயே நிக்கிறேனே!”

“இந்த நோய்ல அங்கேயே நிக்கிறதுதாங்க ஜெயிக்கிறது.”

“என் சகலை ஓடறார் டாக்டர்.”

“அவர் ஓடறதும் நீங்க நிக்கிறதும் வேற வேற கணக்கு. மருந்து என்ன சட்டையா, அடுத்தவர் போட்டிருக்கார்னு கழட்டி மாத்த? நோய் மருந்தை மீறிப் போனா மாத்தலாம். ஈரல் பரிசோதனை கெட்டுப்போனா மாத்தலாம். மருந்து உடம்புக்கு ஒத்துக்காமப் போனா மாத்தலாம். உங்களுக்கு இதுல எதுங்க?”

முதல் இரண்டும் என் கையில் இல்லை. மூன்றாவது என் கையில் இருந்தது. தோலிலும்.

மறுநாள் மதிய மாத்திரையைச் சாப்பாட்டோடு விழுங்கிவிட்டு, மனைவி கண் அயர்ந்த நேரம் பார்த்து, மொட்டை மாடிக்குப் புறப்பட்டேன். எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் மொட்டை மாடி வரை போகாது. கடைசி மாடிப் படிகளை நானே ஏற வேண்டியிருந்தது. ஏறுவதும் சுவரைப் பிடித்து நிற்பதுமாக நான் மேலே போய்ச் சேர்வதற்குள், கீழிருந்து என்னோடு ஏற ஆரம்பித்த ஒரு நத்தை மேலே போய், காற்று வாங்கிவிட்டு, இறங்கி வந்துகொண்டிருந்தது. வழியில் என்னைப் பார்த்து ஒதுங்கி நின்றது. மரியாதை தெரிந்த பிராணி.

சட்டையைக் கழற்றித் தரையில் படுத்தேன். சூரியன் உச்சியில். மாத்திரை ரத்தத்தில். முதலில் வெதுவெதுப்பு, பிறகு எரிச்சல், பிறகு நான் ஏன் பிறந்தேன் என்கிற யோசனை. என் மேல் வந்து உட்கார்ந்த புறா ஒன்று ஒரு காலைத் தூக்கியது, பிறகு அடுத்த காலைத் தூக்கியது, பிறகு மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்துவிட்டுப் பறந்தது. துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கண் பார்வை மங்கல். மேடை என்று நினைத்து, ஈரத் தலையணை உறை ஒன்றை என் மேல் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கிளிப்பையும் தோளில் மாட்டிவிட்டுப் போனார். நான் மூச்சுக் காட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து எடுத்தவர், “அட, இஸ்திரியும் ஆயிடுச்சே” என்று சொல்லிக்கொண்டே மடித்துக்கொண்டு போனது என் காதில் விழுந்தது.

கீழே இறங்கிக் கதவைத் தட்டினேன். திறந்த என் மனைவி ஒரு அடி பின்னால் போனாள்.

“யாருங்க நீங்க?”

“நான்தான்.”

“ஐயோ, என்னங்க இது! வெந்துபோய் நிக்கிறீங்க!”

“மருந்து ஒத்துக்கலை” என்றேன்.

டாக்டரம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைச் சுற்றி வந்து பார்த்தார். தக்காளி நிறத்தில் இருந்த தோளில் ஓரிடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

“இது என்னங்க, துணி கிளிப்பு மாதிரி இருக்கு?”

“பிறவி மச்சம் டாக்டர்.”

“பிறவியிலேயே ஸ்பிரிங்கோடயா?”

நான் கூரையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: “வேணும்னே பண்ணீங்களோ தெரியாமப் பண்ணீங்களோ, இந்தத் தோலோட இந்த மாத்திரையைத் தொடர முடியாது. நிறுத்தறேன். தோல் ஆறணும், ரத்தப் பரிசோதனை சரியா வரணும். அப்புறம்தான் காப்ஸ்யூல். அது வரைக்கும் உங்களுக்கு ரெண்டு மருந்தும் கிடையாது. புரியுதுங்களா? உங்க நுரையீரல் அது வரைக்கும் சும்மா காத்துக்கிட்டு இருக்காது.”

அப்போது புரியவில்லை. வீட்டுக்கு வந்து, மதியச் சாப்பாட்டின்போது கை பழக்கத்தில் மாத்திரை டப்பாவைத் தேடிப் போய், அது காலியாக இருந்தபோது புரிந்தது. டாக்டரம்மா ஒருமுறை ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டி என் முதுகைக் கேட்கவைத்திருக்கிறார். ஒட்டுப்பட்டை வைத்த செருப்பைப் பிரிக்கிறபோது ஒரு சத்தம் வருமே, அதே சத்தம். மருந்து இல்லாத அந்த நாட்களில் ஸ்டெதாஸ்கோப் இல்லாமலே அது எனக்குக் கேட்டது. உள்ளே யாரோ உட்கார்ந்து, செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாக, புறப்படலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். பல் தேய்க்கும்போதே மேல்மூச்சு வாங்கியது. என் மனைவி பந்துகளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் பேசாதது எனக்கு அவள் பேசியதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

தோல் ஆறியது. ரத்தம் சரியாக வந்தது. ஒருவழியாகக் காப்ஸ்யூல் என் கைக்கு வந்தது.

முதல் காப்ஸ்யூலை நானும் இரண்டு விரலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பார்ப்பதற்கு யாராவது இருக்கிறார்களா என்றும் பார்த்தேன். என் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினேன். நாக்குக்கு உயிர் வந்தது. மறுவாரம் தொப்பி இல்லாமல், குடை இல்லாமல், நடுப்பகலில் வாசலில் நின்றேன். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காரணம் இல்லாமல் வணக்கம் சொன்னேன். இனி இருக்கிறது சகலைக்கு என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் வயிறு பேசியது.

மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளில் ‘வயிற்றுப்போக்கு ஏற்படலாம்’ என்று ஒரு வரியில் முடித்திருக்கிறார்கள். எழுதியவர் அந்தக் காப்ஸ்யூலைச் சாப்பிட்டதில்லை என்று நினைக்கிறேன். படியே ஏறாத நான் கூடத்திலிருந்து கழிவறைக்கு ஓடிய சத்தத்தைக் கேட்டு, கீழ்வீட்டுக்காரர் மேலே யாராவது ஓட்டப் பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கிறார்களா என்று என் மனைவியிடம் விசாரித்தார். பக்கத்துத் தெருப் பையன்கள் என் போக்குவரத்தை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்தார்கள். என் சகலை ஓடுகிறார், ஓடுகிறார் என்றார்களே, எங்கே ஓடினார் என்பது இப்போது தெரிந்தது.

ஆனாலும் காப்ஸ்யூல் காப்ஸ்யூல்தான். அவர் முன்னால் அதை ஒருமுறையாவது விழுங்கிக் காட்டாமல் என் மனம் ஆறாது. டாக்டரம்மா வயிற்றைக் கட்ட ஒரு மாத்திரை கொடுத்து, காப்ஸ்யூலின் அளவையும் குறைத்த பிறகு, கொஞ்சம் நிதானம் வந்தது. ஒரு காலை, காப்ஸ்யூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மனைவியோடு சகலை வீட்டுக்குப் போனேன்.

நல்ல வெயில் நேரத்தில் அவர் வீட்டுத் திரைச்சீலைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. கூடத்தின் நடு இருட்டில் ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது. தலையில் தொப்பி. முழுக்கைச் சட்டை. மூக்கில் வெள்ளைக் களிம்பு.

“வாங்க அண்ணே” என்றது.

“இது என்ன கோலம்?”

“மருந்தை மாத்திட்டாங்க அண்ணே. உங்க மாத்திரைதான் இப்போ எனக்கு. மூணு வேளை.”

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அது நோயினால் அல்ல.

“யாரைக் கேட்டு மாத்தினாங்க?”

“நான் கேக்கலை. டாக்டரம்மாவே சொன்னாங்க. ஆறு மாசமா வயிறு நிக்கலை, உடம்பு கரையுது, இதுக்கு மேல வேணாம்னுட்டாங்க.”

பாருங்கள் அந்த ஆணவத்தை. ஒரு மருந்து மாறுவதற்காக நான் மொட்டை மாடியில் அப்பளமாகக் கிடந்தேன். அவருக்கு டாக்டரே வலிய வந்து மாற்றிக் கொடுக்கிறார். சட்டைப் பையில் இருந்த காப்ஸ்யூலைத் தடவிப் பார்த்தேன். நேற்று வரை தங்கமாக இருந்தது, அவர் கழற்றிப் போட்ட சட்டை ஆகிவிட்டது.

“மூணாவது பந்து என்ன ஆச்சு?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“எந்த மூணாவது பந்து?”

“டீ போடுற வரைக்கும் தூக்கி வச்சிருந்தீங்களே!”

“அண்ணே, ரெண்டாவதே எனக்குப் பாதி வரைக்கும்தான். நீங்கதான் மூணையும் தூக்கிக்கிட்டுப் பாட்டு வேற பாடறீங்கன்னு இவ சொன்னா. உங்களை நினைச்சு நினைச்சு எனக்கு வயித்தெரிச்சல். வயித்துல இருந்த மத்தது போதாதுன்னு இது வேற.”

நானும் அவரும் சேர்ந்தாற்போலத் திரும்பி அக்காளையும் தங்கையையும் பார்த்தோம். தங்கை சட்டென்று சமையலறைக்குள் போனாள். என் மனைவி போகவில்லை. அவள் ஓடி ஒளிகிற ஆள் இல்லை.

“ஆமா, சொன்னோம். இப்போ என்ன? அவர் மூணைத் தூக்கறார்னு சொன்னாத்தான் நீங்க ரெண்டைத் தூக்கறீங்க. தூக்கிட்டாரு, தூக்கிட்டாருன்னு சொல்லாட்டி அந்தப் பெட்டியைத் தொடுவீங்களா? பேப்பர் மேல வெயிட்டா வச்சிருப்பீங்க.”

சமையலறையிலிருந்து தங்கையின் குரல் வந்தது: “நான் டீ போடுற வரைக்கும்னு சொல்லவே இல்லக்கா. அது நீ சேர்த்தது.”

“நீ மட்டும்? பாட்டு பாடறார்னு நான் எப்போடி சொன்னேன்?”

சகலை சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் பிடித்தது. தொப்பி கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்க அவர் முயற்சி செய்யவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். களிம்புக்குப் பின்னால் இருந்த முகம் எனக்குத் தெரிந்த முகத்தில் பாதிதான் இருந்தது. கழுத்துப் பட்டனைப் போட்டிருந்தும் சட்டைக்குள் கழுத்து சுற்றி வரலாம் போல இருந்தது.

“வெயிலுக்கு ஆகாதே இந்த மாத்திரை. மைதானத்துல என்ன பண்றீங்க?” என்றேன்.

“மைதானத்துக்கு எங்க அண்ணே போறேன்? டாக்டரம்மாவும் இதைத்தான் கேட்டாங்க. வெயில்ல நிக்கிறீங்களான்னு. இல்லைன்னேன். அப்போ மாத்திரை கொடுக்கலாம்னு எழுதிட்டாங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “விசில் ஊத முடியலை. ஊதாம நின்னா பசங்க என்னை மரம்னு நினைச்சு சட்டையை மாட்டிட்டுப் போறாங்க” என்றார்.

இப்படிச் சொல்கிற உரிமை என்னுடையது. இந்தக் குடும்பத்தில் கதை கட்டுகிறவன் நான். அதையும் எடுத்துக்கொண்டார்.

அடுத்த பரிசோதனைக்கு இருவரும் ஒரே நாளில் போனோம். ஊதுகிற அறைக்கு முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் இறங்கியிருக்குங்க. நடுவுல மருந்து இல்லாம இருந்தீங்க இல்லையா. போனது போனதுதான். இனி இதுக்குக் கீழே போகாமப் பார்ப்போம்” என்றார். கிளிப்பைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். முன்பு நான் நின்ற இடத்தை நானே போய்ச் சுட்டுக் கரியாக்கிவிட்டு வந்திருந்தேன். அந்த இடத்துக்கு எந்த லிஃப்ட்டும் போகாது.

“பழைய மாத்திரையே திரும்பக் கொடுக்கறீங்களா டாக்டர்?” என்று கேட்டேன்.

“இப்போதாங்க இது உங்க உடம்புல உட்காருது. உட்கார விடுங்க.”

பிறகு சகலை உள்ளே போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. ஊதச் சொல்கிற பெண்ணின் குரல் கேட்டது: “இழுங்க, இழுங்க, இன்னும் இழுங்க… இப்போ ஊதுங்க, விடாதீங்க, விடாதீங்க!” ஒரு காலத்தில் பஸ்ஸை நிறுத்திய காற்று எப்படி வந்தது என்று சொல்ல மாட்டேன். கிட்டத்தட்ட வரவில்லை.

வெளியே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கேட்கவில்லை. அவராகவே, “உங்களுதைவிடக் கீழே அண்ணே. நல்லாவே கீழே” என்றார்.

ஆக, நான் ஜெயித்துவிட்டேன். என் மச்சினி அவரைக் கட்டிய நாளிலிருந்து கண்ணாடியில், பல்லில், நரையில், பிள்ளைகளின் பாசத்தில் எல்லாவற்றிலும் தோற்றவன், கடைசியில் ஒன்றில் ஜெயித்தேன். சந்தோஷப்படலாம் என்று தயாராக உட்கார்ந்தேன். வரவில்லை. மூன்றாவது பந்தை இழுக்கிற மாதிரி இழுத்துப் பார்த்தேன். அசையவே இல்லை.

மதிய நேரம் ஆகியிருந்தது. அவர் மனைவி கட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு வாய் சாப்பிட்டு, முகத்தைச் சுளித்தார்.

“அட்டைப்பெட்டி மாதிரி இருக்கா?” என்றேன்.

“எப்படி அண்ணே கண்டுபிடிச்சீங்க?”

“உப்புப் போட்டுக்குங்க. ஒண்ணும் நடக்காது, ஆனா போட்டுக்குங்க. சாப்பாட்டுக்கு நடுவுல மாத்திரையைப் போடுங்க, முன்னாடி போட்டா குமட்டும். பாதியில நிறுத்தக் கூடாது. முழுசாச் சாப்பிடணும்.”

“நீங்க டிரில் மாஸ்டர் ஆயிட்டீங்களே.”

“வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க.”

சாப்பிட்டார். டப்பாவைத் திறந்து மதிய மாத்திரையை எடுத்து விழுங்கினார். எனக்கு மதியத்துக்கு ஒன்றும் கிடையாது. காப்ஸ்யூல்காரர்களுக்குக் காலையும் இரவும்தான். அவருக்கு மூன்று, எனக்கு இரண்டு. ஒரு கணம் பழைய நெருப்பு பற்றிக்கொண்டு வந்தது. ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்த சொந்தக்காரரைப் போல அதை நான் வரவேற்றேன். இவர் போய்விட்டால் நான் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது?

“சகலை, அடுத்த தடவை என்னைத் தாண்டி ஊதிக் காட்டுங்க பார்ப்போம்” என்றேன்.

“ஊதிட்டா?”

“ஊதிட்டா, நான் மறுபடியும் மொட்டை மாடிக்குப் போறேன்.”

அவர் குடையை ஊன்றி எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். யார் யாரைப் பிடித்திருந்தார் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. இரண்டு பேரும் லிஃப்ட்டுக்காகக் காத்து நின்றோம். வந்ததும் அவரை முதலில் ஏற்றிவிட்டு, எந்த மாடி என்று கேட்டு, நானே பொத்தானை அழுத்தினேன்.

சொல்ல மறந்த தகவல் ஒன்று உண்டு: என் மனைவி அவள் வீட்டுக்கு ஒரே பெண், அவளுக்கு அக்காளும் இல்லை, தங்கையும் இல்லை.